நல்லி இல்லாத பெரட்டல்

குக்கரில் ஐந்து விசில் விட்டேன். மட்டனுக்கு அம்மா எப்போதும் ஐந்து விசில்தான் விடுவார், கிழட்டு ஆடாக இருந்தால் ஏழு. கையில் இருந்தது மட்டன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், பாக்கெட்டிலேயே பெரிதாக எழுதியிருந்தது, ஆனாலும் பார்ப்பதற்கு மட்டன் துண்டு மாதிரியே இருந்ததால் கை தன்பாட்டுக்குக் குக்கரை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே துண்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி, தண்ணீர் குடித்து ஊதிப்போய்க் கிடந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். உள்ளேயிருந்து வெந்நீர் பீச்சியது.

மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இது கெட்டுப்போச்சா, இல்ல இப்படித்தான் இருக்குமா?" என்றான். நியாயமான கேள்வி. எனக்கே தெரியவில்லை. நாற்பத்தாறு வயதுவரை சைவ மட்டனை நான் தொட்டதில்லை. கல்யாண வீட்டு பஃபேயிலும், கோயில் அன்னதானத்திலும், புரட்டாசி மாசம் வாழையிலைக் கடைகளிலும் அது எப்போதும் இருக்கும். கரண்டி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வேன். மட்டன் பெரட்டல் என்றால் உயிரை விடுகிறவன் போய் அதன் வேஷக்காரனைச் சாப்பிடுவதா என்ற வீம்புதான்.

அந்த வீம்பு 2024 அக்டோபரில் உடைந்தது. அதைச் சொல்ல அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில்தான் வீடு. எண்பதுகளில் எங்கள் வீட்டில் மட்டன் என்பது மாசத்துக்கு ஒரு தடவை, சம்பளம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு. அதற்கு வீட்டில் 'சம்பள ஞாயிறு' என்றே பெயர். காலையில் ஆறரைக்கெல்லாம் அப்பா என்னை மோட்டாரின் முன்பக்கம், எண்ணெய் டாங்க் மேல் உட்காரவைத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே பாய் கடை. பாய் என்றால் தமிழ் முஸ்லிம், ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகம், பேச்சில் பாதி மலாய் கலந்திருக்கும். நடுவில் பள்ளம் விழுந்த புளியமரக் கட்டையில் தொடையை வைத்துக் கத்தியை ஓங்கியபடியே, "அண்ணே, நல்லி ரெண்டு வெக்கட்டா?" என்று கேட்பார். அப்பா ஒவ்வொரு மாசமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "புள்ள ரெண்டு, நல்லி ரெண்டு. சரியாப் போச்சு."

வீட்டுக்கு வந்தால் மீதி அம்மா பொறுப்பு. பெரட்டலுக்கு அம்மா அவசரப்பட மாட்டார். சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு, கறிவேப்பிலை, இஞ்சிப் பூண்டு விழுது, அப்புறம் பாபாஸ் இறைச்சி மசாலாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கிளறுவார். அதன்பிறகு வெந்த கறி உள்ளே போகும். தண்ணீர் வற்ற வற்றச் சட்டியின் அடியில் மசாலா பிடித்துக்கொண்டு கருத்துப்போகும், அதைச் சுரண்டிச் சுரண்டி மேலே கொண்டுவந்து மறுபடி பிரட்டுவார். அந்த வாசம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னக்கா, சம்பளமா?" என்பார்.

அப்புறம் பங்கு. அம்மா சட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்தால் யாருக்கு எது என்பது முன்னாடியே முடிவான விஷயம். அக்காவுக்கு ரத்தம் கம்மி என்று யாரோ டாக்டர் சொல்லிவிட்டதால் ஈரல் துண்டு முழுக்க அவள் தட்டுக்கு. கொழுப்பு ஒட்டிய நெஞ்சுத் துண்டு அப்பாவுக்கு. நல்லி எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. சில மாசம் பாய் கையில் ஒரு நல்லிதான் இருக்கும். அன்றைக்கு அப்பா அதைத் தன் கையில் எடுத்து, தட்டின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டி, உள்ளே இருக்கிற மஜ்ஜை பாதி வெளியே வழுக்கிக்கொண்டு வந்ததும் நிறுத்தி அதை அக்காவின் சாதத்தில் விழவைத்து, மீதியோடு எலும்பை என்னிடம் நீட்டுவார். கணக்கு பிசகாது. பின்னாளில் மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் சூப் துலாங் என்று எலும்புக்குள் ஸ்ட்ராவைச் செருகிக் கொடுப்பதைப் பார்த்து, "இதுக்கு எதுக்குடா குழாய், கை இல்லயா?" என்று சிரித்தவர் அவர்.

அம்மாவுக்கு எந்தத் துண்டு என்று நான் அந்த வயதில் யோசித்ததில்லை. எல்லாரும் எழுந்த பிறகு அவர் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடியில் ஒட்டியதையெல்லாம் வழித்துச் சாப்பிடுவார். "இதுலதாண்டா ருசியே" என்பார். அதைக் கேட்டால் தரமாட்டார், கிண்டலுக்குக்கூட.

அப்பா 2023 ஜனவரியில் தவறினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அம்மா வீட்டைக் கழுவிவிட்டு, "இனிமே எனக்குக் கவிச்சி வேணாம்" என்றார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஃப்ரீசரில் இருந்த மீன், கோழி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது. கறிக்கென்று இருந்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தார். எங்களைத் தடுக்கவில்லை, நாங்கள் வெளியே என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம். அந்த அடுப்பில் மட்டும் கூடாது.

அந்த வருஷம் தீபாவளி எங்களுக்கு இல்லை. 2024 தீபாவளிதான் முதல் தீபாவளி, அக்டோபர் 31. அதற்கு முதல்நாள் படையல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பெரும்பாலான தமிழ் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் செத்துப்போனவர்களுக்கு இலை போட்டு அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். சாமிக்கு வைக்கிற மாதிரி வடை பாயாசத்தோடு நிற்காது. மட்டன், மீன் பொரியல், அவித்த முட்டை, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு, தண்ணி போட்டவருக்குத் தண்ணி. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிற்போம், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று.

பிரச்சினை புரிகிறதா? அப்பாவுக்குப் படையல் என்றால் மட்டன் பெரட்டல் இல்லாமல் முடியாது. அம்மா வீட்டு அடுப்பில் மட்டன் ஏறாது. கடையில் தாபாவ் பண்ணி, அதாவது பொட்டலமாக, வாங்கி வைக்கலாமே என்றேன். "கடைச் சோத்த என்னிக்குத் தின்னாரு அவரு?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "சைவ மட்டன்ல அதே மாதிரி செஞ்சிரலாம்" என்றார். அதைக் கேட்டதும் சுங்கைப் பட்டாணியிலிருந்து அக்கா போனில் கத்தியது எனக்கு இங்கே ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. "அப்பாவுக்குச் சோயாவாடா வெப்பீங்க? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு மட்டன் கேட்ட மனுஷன்டா அவரு!"

அப்பாவுக்கு ஸ்டௌட் பீர் போத்தல் வைப்பதில் மட்டும் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. "அது சைவந்தானே."

சரி, நாம் முதலில் செய்து பார்ப்போம், நன்றாக வந்தால் அக்காவைச் சமாளிக்கலாம் என்று இறங்கினேன். நேரமும் தோதாக அமைந்தது. 2024-இல் அக்டோபர் 3-ஆம் தேதி நவராத்திரியும் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் ஒரே நாளில் ஆரம்பித்தன. அவர்களுடையது ஒன்பதாம் சந்திர மாசத்தின் முதல் ஒன்பது நாள். இரண்டுமே அமாவாசை கழித்து எண்ணுகிற ஒன்பது நாள் என்பதால் பல வருஷங்களில் ஒன்றாக வரும், அவர்களுக்கு அதிகமாசம் விழுந்து நமக்கு விழாத வருஷத்தில் விலகிப்போகும், 2025-இல் அப்படித்தான் ஆனது. நமக்குப் புரட்டாசி விரதம், அவர்களுக்கு ஒன்பது நாள் சைவம். அந்தச் சமயத்தில் பட்டர்வொர்த் ராஜா ஊடா பக்கம், தௌ பூ கோங் கோயிலைச் சுற்றி நடந்து பாருங்கள். கடைக்குக் கடை மஞ்சள் கொடி, வெள்ளை உடையில் கூட்டம், அத்தனையும் சைவச் சாப்பாடு. சைவ வாத்து, சைவ மீன், சைவப் பன்றி. கோழிக் கால் மாதிரி பிடித்துவைத்து, எலும்புக்குப் பதில் ஒரு குச்சியைச் செருகியிருப்பார்கள். அதைப் பார்த்தபோது சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் குச்சியைச் செருகியவனின் மனசு எனக்குப் புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே ஒரு உறைபொருள் கடையில் வாங்கினேன், அரைக் கிலோ 12 வெள்ளி, அதாவது ரிங்கிட். கடைக்கார ஆன்ட்டி மலாயில் பொறுமையாக விளக்கினார். இரண்டு ஜாதி இருக்கிறதாம். ஒன்று வெறும் சோயா. இன்னொன்று ஷீட்டாக்கே காளானின் காம்பு கலந்தது. குடையை எல்லாரும் சாப்பிடுவார்கள், காம்பு நார் நாராகக் கெட்டியாக இருப்பதால் முன்பு தூக்கிப்போடுவார்கள். அந்த நாரைத்தான் பிரித்துச் சோயாவோடும் கோதுமைப் பசையோடும் சேர்த்து அழுத்தி மட்டன் ஆக்குகிறார்கள். "உங்கள் ஆட்கள் எல்லாரும் காம்புதான் வாங்குவார்கள்" என்றார். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, முட்டை வெள்ளைக் கரு சேர்த்தது எது, சேர்க்காதது எது என்றும் சொன்னார். அம்மாவுக்கு என்றதும் முட்டை இல்லாததை எடுத்துக் கொடுத்தார். இதை மட்டும் நீங்களும் கவனித்து வாங்குங்கள், சைவம் என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் முட்டையோ பால் பொருளோ இருக்கும்.

எனக்கு இது ஏதோ நேற்று வந்த பேக்டரிச் சமாச்சாரம் என்ற நினைப்பு. சோயாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு திருகுக் குழாய்க்குள் தள்ளி, வாய்ப்பக்கம் சட்டென்று வெளியே விட்டால் பொரிந்து பஞ்சு மாதிரி ஆகிற அந்த வித்தை 1960-களுக்கு அப்புறம் பரவியதுதான். தமிழ்நாட்டில் மீல் மேக்கர் என்கிறார்களே, ஒரு கம்பெனிப் பெயரே பண்டத்தின் பெயராகிப்போனது, அதுவும் இதே வித்தைதான். ஆனால் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தைப் போகவிட்டு, மிஞ்சுகிற பசையில் கறி மாதிரி செய்வது சீனாவில் சோங் வம்சக் காலத்திலேயே உண்டு, குறைந்தது எழுநூறு வருஷப் பழக்கம். எனக்கு இன்னொன்று வேடிக்கையாக இருந்தது. அவர்கள் சைவத்தில் பூண்டு, வெங்காயம் கிடையாது, அந்தத் தடைப் பட்டியலில் பல இடங்களில் பெருங்காயமும் உண்டு. அப்படிச் சுத்தபத்தமாகச் செய்த பண்டத்தைக் கொண்டுவந்து முதல் வேலையாக நாம் சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் முக்குகிறோம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்தும் குக்கரில்தான் வைத்தேன். அதுதான் ஆரம்பத்தில் சொன்ன கதை.

ஏன் அப்படி ஆனது என்று அப்புறம் படித்துப் பார்த்தேன். மட்டனை ஏன் வேகவைக்கிறோம்? சதையை இழுத்துக் கட்டியிருக்கிற ஜவ்வு ஈரச் சூட்டில் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆக வேண்டும். அதனால்தான் கறி மெத்தென்று ஆகிறது, மசாலா விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இந்தப் பண்டத்தில் ஜவ்வே கிடையாது. பேக்டரியிலேயே வெந்துதான் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்குத் தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

இரண்டாவது தடவை குக்கரைத் தொடவில்லை. பெரட்டல் மசாலாவில் நேராகப் போட்டேன். இந்தத் தடவை பரவாயில்லை, கடித்தால் நார் தெரிந்தது. மனைவிகூட, "கண்ண மூடிக்கிட்டா மட்டன்தாங்க" என்றாள். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணை மூடினால்தான் மட்டன் இல்லை என்று இன்னும் நன்றாகத் தெரிந்தது. மசாலா முழுக்க அம்மாவின் மசாலா, அதில் குறை இல்லை. அதற்குக் கீழே ஒரு வாடை இருக்குமே, கழுவினாலும் கையை விட்டுப் போகாத அந்த ஆட்டு வாடை, அது இல்லை. அந்த வாடை சதையில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலம், 4-மெத்தில் நோனனாயிக் அமிலம் என்று இரண்டு சமாச்சாரம், நியூசிலாந்தில் எழுபதுகளில் கண்டுபிடித்தார்கள். துளியூண்டு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அக்காவிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு ஸ்பூன் ஆட்டுக் கொழுப்ப ஊத்து" என்றாள். அக்கா அப்படித்தான், பிரச்சினையைத் தீர்க்கிறேன் என்று பிரச்சினையையே ஊற்றுவாள்.

நடுவில் ஜார்ஜ்டவுனில் ஒரு கஃபேயில் புது ஜாதி செடி பர்கர் ஒன்றையும் பார்த்துவிடுவோம் என்று போய்ச் சாப்பிட்டேன். செடிப் புரதத்தை வைத்தே, ரத்தம் கசிகிற மாதிரி செய்கிற அமெரிக்கச் சரக்கு. நன்றாகத்தான் இருந்தது. தெற்கே சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி மேலே போய், உயிரணுவிலிருந்து வளர்த்த கோழிக்கறியை விற்க 2020 டிசம்பரிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். எல்லாம் சரி, ஆனால் பர்கர் கொத்துக்கறி. கொத்துக்கறியைப் பிரதி எடுப்பது சுலபம். எனக்கு வேண்டியது அது இல்லை.

மூன்றாவது தடவை செய்தபோதுதான் எனக்கு எது இடித்தது என்று பிடிபட்டது. தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மகனுக்கு நாலு துண்டு, மகளுக்கு நாலு துண்டு, மனைவிக்கு, எனக்கு. எடுத்து வைக்கும்போது என் கண் சட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தேட ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே நார். ஈரல் இல்லை, நெஞ்சு இல்லை, விலா இல்லை. எந்தத் துண்டை யாருக்கு வைத்தாலும் ஒன்றுதான். சின்னவளுக்கு என்று எடுத்துவைக்கவோ, பெரியவன் அதற்குச் சண்டை போடவோ அதில் ஒன்றுமே இல்லை. கோழிக் காலுக்குக் குச்சி செருகிய அந்தச் சீனச் சமையல்காரனை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

சைவம் ஆனவர்களுக்கு எதற்கு மட்டன் மாதிரி ஒன்று, விட்டது விட்டதுதானே என்று எங்கள் சொந்தத்திலேயே நக்கல் அடிக்கிறவர்கள் உண்டு. நானும் அடித்திருக்கிறேன். அம்மாவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "நாக்கு விடலடா. நாந்தான் விட்டேன்" என்றார். அதற்கு மேல் நக்கல் அடிக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 30 அன்று மத்தியானமே, பினாங்குத் தீவில் நான் இருக்கிற ஜெலுத்தோங்கிலிருந்து கிளம்பினேன். பாலத்தில் தீபாவளி நெரிசல் என்று பயந்து மோட்டாரை ஃபெரியில் ஏற்றினேன். இந்த ஃபெரியும் ஒரு மாற்றுச் சரக்குதான். பழைய ஃபெரிகளில் காரையே ஏற்றிக்கொண்டு போனது 2020 கடைசி நாளோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதியவற்றில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும். உள்ளே ஏசி, இருக்கை எல்லாம் வசதி. பழையதில் காற்று முகத்தில் அடிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனவன் நான், இப்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதே தண்ணீரைப் பார்க்கிறேன். குறை சொல்லவில்லை, மழைக்கு நல்லது.

அம்மா தயாராக இருந்தார். நான் கொண்டுபோன இரண்டு பாக்கெட்டையும் வாங்கி, எழுத்தைப் படிக்காமலே அமுக்கிப் பார்த்து, "காம்புதானே? சரி" என்றார். நான் மூன்று தடவை செய்து கற்றுக்கொண்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஓரமாய் உட்காரச் சொன்னார்.

துண்டுகளை வெந்நீரில் போட்டார். கால் மணி நேரம் கழித்து ஒரு கை நிறைய அள்ளி, துணி பிழிகிற மாதிரி பிழிந்தார். பழுப்பாகத் தண்ணீர் இறங்கியது. மறுபடி வெந்நீர், மறுபடி பிழி. மூன்றாவது தடவைத் தண்ணீர் தெளிந்தே வந்தது. "அந்த சோயா வாட அடிக்குதுங்கறியே, இதுதான் அது" என்றார். நான் அதை எங்கும் சொல்லவே இல்லை, போனில் சாதாரணமாக நன்றாக வரவில்லை என்றதோடு சரி. பிழிந்ததை மஞ்சள் தூள், உப்பு, கொஞ்சம் மசாலாவில் புரட்டி, எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வறுத்துத் தனியே எடுத்தார். அப்புறம்தான் வெங்காயம், அப்புறம்தான் மசாலா. மசாலா எண்ணெய் பிரிந்து நின்ற பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்தார். தேங்காயைச் சிவக்க வறுத்து இடித்து வைத்திருந்ததை ஒரு கை போட்டார். மட்டனுக்கு அவர் தேங்காய் போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டேன். "மட்டனுக்கு அது கொழுப்பு இருக்கு. இதுக்கு நாமதான குடுக்கணும்."

துண்டுகள் கடைசியாகத்தான் உள்ளே போயின, பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் அடுப்பை அணைக்கவில்லை. தீயைக் குறைத்து, அடியில் பிடிக்கவிட்டு, சுரண்டி, மறுபடி பிடிக்கவிட்டு, மறுபடி சுரண்டி, பழைய மாதிரியே. வேலிக்கு அந்தப் பக்கத்து ஆன்ட்டியும் இப்போது இல்லை, அந்த வீட்டில் வங்காளதேசத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு அக்கா வந்து இறங்கினாள், கையில் ஒரு டப்பா. மூடியிருந்தாலும் எனக்கு வாசம் தெரிந்துவிட்டது, மேலே சொன்ன அந்த நியூசிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்த வாசம். அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. மாமா பின்னாடி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நான் சொன்னால் கேட்கிறாளா என்கிற அர்த்தத்தில். அம்மா டப்பாவைப் பார்த்தார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

"நீ செஞ்சியா?"

"ம்."

"நல்லி போட்டியா?"

"ரெண்டு."

"எலயில நீயே வை. நான் தொடமாட்டேன். டப்பாவ இங்க கழுவாத, அப்படியே எடுத்துட்டுப் போயிரு."

அவ்வளவுதான் விசாரணை. அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, அதில் சோறு, மீன் வரும் இடத்தில் வாழைக்காய் வறுவல், வடை, அதிரசம், அம்மாவின் பெரட்டல் ஒரு பக்கம், அக்காவின் பெரட்டல் அதற்கு நேரெதிர்ப் பக்கம், ஒன்றோடு ஒன்று படாமல் நடுவில் சோறு அணை மாதிரி. பக்கத்தில் ஸ்டௌட் போத்தல், மூடியைத் திறந்து. கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வாசலில் நின்றோம். அக்காவின் சின்னப் பையன் ஜன்னலில் காதை வைத்து, "தாத்தா ஏதாவது தட்டுற சத்தம் கேக்குதா?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை.

கதவைத் திறந்ததும் இலைச் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு பிடி. நல்லி இரண்டையும் வாசல் திண்ணைக்குக் கொண்டுபோய் அக்காவின் பிள்ளைக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று கொடுத்தோம். என் மகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டில் தட்டிக் காட்டினேன்.

அப்புறம் அம்மா சமையலறையில் எங்களுக்கு வாழையிலை போட்டுப் பரிமாறினார். அவருடைய பெரட்டல் மட்டும்தான். மட்டன் மாதிரி இருந்ததா என்று கேட்டால், இல்லை. வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஆனால் வறுத்த தேங்காய் நாரில் ஏறி, ஓரம் மொறுமொறுப்பாக, உள்ளே காரம் இறங்கி, அது வேறு ஒரு நல்ல கறி. அக்கா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

நான் எழப் போனபோது அம்மா, "இரு" என்றார். சட்டியைத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, தோசைக் கரண்டியால் அடியைச் சுரண்டினார். கருத்து, காய்ந்து, மசாலா அப்பளம் மாதிரி ஒட்டியிருந்த துண்டுகள் மூன்று பெயர்ந்து வந்தன. அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்றையும் என் இலையில் வைத்தார்.

"அம்மா, உங்களுக்கு?"

"தின்னு. இது அடிப்பிடிச்சது, உனக்குன்னு விட்டு வெச்சேன். மத்ததெல்லாம் சும்மா துண்டு."